தேனீ பாடம்

மகள் தேனீ பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.

விரித்திருந்த பக்கத்தில் சந்தையின் படம் இருந்தது.

அருகில் நின்ற அம்மா இன்னொரு முறை பார்த்தாள். தக்காளிக் கூடை. தராசு. குடை பிடித்த பூக்காரி. தேனீ எங்கேயும் இல்லை.

சின்ன விரல் மட்டும் வரிக்குக் கீழே நிதானமாக நகர்ந்தது. வகுப்பில் எல்லாருக்கும் ஆசிரியையான அவள்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தாள். விரல் போகும் இடத்தில் கண்ணும் போக வேண்டும்.

குரலில் பிசிறே இல்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்த வரி.

கரும்பலகைக்குப் பக்கத்தில் ஆய்வுக்கு வந்த அதிகாரி நின்றிருந்தார். அவரோடு பள்ளியின் தாளாளர். பெஞ்சுகளுக்கு நடுவே நடக்க வழி இல்லாமல் இருவரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். கடைசி பெஞ்சுப் பிள்ளையின் கையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அங்கிருந்து தெரியாது.

இடுக்கில் நுழைந்து போய் மகளை எழுப்பிவிட்டு அருகிலேயே நின்ற அவளுக்குத்தான் தெரிந்தது.

காலையில்தான் பிள்ளைகளைப் பிரித்தார்கள். ஆய்வு வரும் நாளில் அந்தப் பள்ளியில் வழக்கமாக நடப்பதுதான். மூன்றாம் வகுப்பில் அறுபது பேருக்கு மேல். வாசிக்கத் திணறுகிறவர்களை டிரில் என்று சொல்லி மொட்டைமாடிக்கு அனுப்பிவிட வேண்டும். யார் யார் என்று வகுப்பு ஆசிரியைதான் தலையைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

தொட்டாள். ஒவ்வொரு தலையாகத் தொட்டாள்.

வரிசை கட்டி அழைத்துப்போன பி.டி. சார், உங்க பொண்ணு மேல வரலையா மிஸ் என்று கேலி செய்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மகளின் தலையைத் தொட வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்?

சம்பளம் குறைவு, அதற்குப் பதிலாகப் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை என்றார்கள். அதனால்தான் இங்கே சேர்த்தாள். அது தன் வகுப்பாகவே அமைந்தபோது, மற்ற அம்மாக்கள் ஏதும் சொல்லிவிடக் கூடாதே என்று மகளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தாள். மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவைத்தாள். ஒருநாளும் அவளை எழுப்பி வாசிக்கச் சொன்னதில்லை.

மாலையில் வீட்டு ஹாலில் டியூஷன். அந்தப் பணம் வந்தால்தான் மாதம் நகரும். பிள்ளைகள் சேர்ந்து உரக்கப் படிப்பார்கள். நடுவில் மகளும் உட்கார்ந்திருப்பாள். அவள் அடுக்களையில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே காது கொடுப்பாள். மகளின் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். ஓர் எழுத்து பிசகாது. கணவன் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுவாள். சம்யுக்தா உங்களை மாதிரி இல்லைங்க, என்னை மாதிரி.

அவனும் ஒப்புக்கொள்வான். தட்டில் இன்னொரு சப்பாத்தி விழும்.

கேட்டிருக்கிறாள். பார்த்ததில்லை.

ஜூன் மாதத்திலிருந்து அவள் தாளாளரிடம் கெஞ்சி வருகிறாள். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள், இன்னோர் ஆசிரியையைப் போடுங்கள், யார் முகத்தையும் என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை என்று. அதிகாரி வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், பிரித்துவிடலாம் என்று அவர் தள்ளிப்போட்டார்.

இன்று உள்ளே வந்ததும் அதிகாரி முகம் சுளித்தார். மாடிக்குப் போனவர்கள் போக மிச்சம் இருந்தவர்களைப் பார்த்தே சுளித்தார். ஒரே அறையில் இத்தனை பேரா, ஒருத்தர் எப்படிச் சமாளிப்பார் என்று கேட்டார். அவள் தாளாளரின் முகத்தைப் பார்த்தாள்.

எங்கள் டீச்சர் கெட்டிக்காரர், வேண்டுமானால் கடைசி பெஞ்சில் யாரையாவது வாசிக்கச் சொல்லிப் பாருங்கள் என்றார் தாளாளர்.

அதிகாரியின் கை மகளைக் காட்டியது. தேனீ பாடம் வாசி பார்க்கலாம் என்றார்.

பாடம் முடிந்தது.

விரல் பக்கத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. மிச்ச வரிகள் கீழே அப்படியே கிடந்தன.

அதிகாரியின் முகம் மலர்ந்திருந்தது.

"கடைசி பெஞ்சே இப்படி வாசிக்குதே சார். டீச்சர் நல்லா அமைஞ்சா எத்தனை பேர் இருந்தா என்ன?"

தானும் அதைத்தான் எப்போதும் சொல்வதாகத் தாளாளர் சொன்னார்.

இது தேனீ பக்கம் இல்லை சார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியம் போதும். தொண்டைவரை வந்தது. சொன்னால் வகுப்பு பிரியலாம். சொன்னால், எல்லாரும் திரும்பிப் பார்க்க, மகள் அந்தப் பக்கத்தோடு நிற்பாள்.

பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அவளும் தட்டினாள்.

பெரியவர்கள் அடுத்த வகுப்புக்குப் போனார்கள். மாடியிலிருந்து மற்றவர்கள் திமுதிமுவென்று இறங்கி வந்தார்கள். வெயிலில் கன்றிய முகங்கள். தண்ணி, மிஸ். இவன் என் இடத்துல உட்கார்ந்துட்டான், மிஸ். தள்றா, மிஸ்.

மகள் மட்டும் இன்னும் உட்காரவில்லை. புத்தகத்தை மூடி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். அம்மா பக்கத்தைப் பார்த்துவிட்டாள் என்பது அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.

புடவை மடிப்பை மெல்லப் பிடித்து இழுத்தாள். அவள் குனிந்தாள்.

"மிஸ்... வீட்டுல அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

முன் பெஞ்சில் யாரோ அழ ஆரம்பித்தார்கள். யாரென்று பார்க்க வேண்டும்.

"சரி" என்றாள். "உட்காரு."