அழுக்குக் காசு

ஒன்பது வருடமாகத் தேடிய செப்புக்காசு, வாடிக்கையாகப் போகும் நாணயக் கடையின் மேசைமேல், ஒரு சின்னத் தட்டில் கறுத்துக் கிடந்தது. சேகரிப்பாளருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் முகத்தைச் சுளித்தார். ஆசையைக் காட்டினால் விலை ஏறிவிடும்.

கடைக்காரர் வெளியூர் போயிருந்தார். கல்லாவில் அவர் மனைவி.

"என்னம்மா, இந்த அழுக்குப் பிடிச்சதையுமா விக்கிறீங்க?"

"அவ்வளவு அழுக்காவா இருக்கு?"

"கரி அப்பின மாதிரி இருக்கு. இதைப் போய் யாரு தொடுவா? போனாப் போகுது, பாதி விலைன்னா நான் எடுத்துக்கறேன்."

"விலையை விடுங்கண்ணே. ஒரு நிமிஷம் இருங்க." வாடிய முகத்தோடு காசை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பேரம் படிந்துவிட்டது. சேகரிப்பாளர் மெல்ல விசிலடித்தார்.

திரும்பி வந்தவரின் உள்ளங்கையில் காசு பளபளத்தது. எலுமிச்சம்பழ வாசனை வேறு.

சேகரிப்பாளர் மேசையைப் பிடித்துக்கொண்டார். நூறு வருடம் படிந்த அந்தக் கறுப்புக்குத்தான் விலையே. தேய்த்துவிட்டால் அது வெறும் செப்புத் துண்டு.

"பிடிங்கண்ணே. நீங்க வந்தா பணம் வாங்காம குடுத்துடுன்னு, உங்களுக்காகவே எடுத்து வெச்சுட்டுப் போனாரு. பரிசாக் குடுக்கறதை அப்படியேவா குடுக்கறது? இப்பப் பாருங்க, பொட்டு அழுக்கு இல்ல."