தாண்டிவிட்ட மூன்று நிமிடம்

அக்காவுக்கு இன்று அறுவைசிகிச்சை. அவள் மகள் யாழிசையிடம், அம்மா ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருந்தோம். விண்வெளிப் படம் கேட்டாள். முதலில் நான் தனியாகப் பார்த்து, குழந்தை பயப்படக்கூடிய இடங்களை நிமிடக் கணக்கோடு நோட்டில் குறித்துக்கொண்டேன். விண்கலத்தின் கதவு பிய்ந்து, தாய் இருட்டுக்குள் இழுக்கப்படும் மூன்று நிமிடத்தை அடிக்கோடிட்டேன். அவளோடு பார்க்கும்போது அதைச் சரியாகத் தாண்டினேன். அடுத்த காட்சியில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சித்தி, அந்த அம்மா எங்க?"

"ஊருக்குப் போயிருக்காங்கடி." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப ஏன் யாருமே தேடல?"

நோட்டைப் புரட்டினேன். இந்த இடத்தை நான் குறித்திருக்கவில்லை. ஆறரைக்கு எனக்கு மாலை வகுப்பு; கிளம்ப எழுந்தேன். யாழிசை என் செருப்புகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வாசற்கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள்.