இறந்தகாலம் மட்டும்

“இடுப்பு ஒடிஞ்சு கிடக்கு பாப்பா. குனிஞ்சே நட்டது, நிமிர மாட்டேங்குது. நீ சொல்லு, படுத்துக்கிட்டே படிக்கிறேன்” என்று தரையில் சாய்ந்தாள் கண்ணாத்தாள்.

ஆமினா சிரித்தாள். இந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண். கல்லூரியில் படிக்கும் ஸ்பானிஷைக் கண்ணாத்தாளுக்குச் சொல்லித் தருகிறாள்.

கட்டிலில் கிடப்பது மார்த்தா அம்மா. ஸ்பெயினிலிருந்து அந்தக் காலத்தில் தஞ்சாவூருக்கு வந்து, குழந்தைகள் விடுதி நடத்தியவர். பக்கவாதம் வந்ததிலிருந்து தமிழ் போய்விட்டது; தாய்மொழி மட்டும் மிச்சம். கண்ணாத்தாள் நடவு முடிந்து பஸ் பிடித்து வந்து, அவரைக் குளிப்பாட்டிக் கஞ்சி ஊட்டுவாள். சம்பளம் வாங்க மாட்டாள்.

“மி இஹா” என்று முனகினார் மார்த்தா.

“என் மகளேன்னு உங்களைத்தான் கூப்பிடுறாங்க. கொடுத்து வச்சவங்க நீங்க!”

“அது கிடக்கட்டும். பாடத்தைச் சொல்லு.”

“கழுவுறதுக்கு ‘லவார்’. கடைசி ‘ஆர்’ரை வெட்டிடுங்க. கழுவினேன், லவே. கழுவினாய், லவாஸ்தே.”

“வாலை மட்டும் மாத்தணும், அவ்வளவுதானே? சரி, ‘கொடுத்தாய்’ சொல்லு.”

“அது அடங்காத சொல்லு, இஷ்டத்துக்கு மாறும். ‘ஒப்படைக்கிறது’ன்னு வச்சுக்குங்க. எந்த்ரேகார். அது சொன்னபடி கேக்கும்.”

“எந்த்ரேகாஸ்தே.”

“அடேயப்பா! ஆனா பெரியவங்கன்னா மரியாதைக்கு ‘எந்த்ரேகோ’ங்கணும்.”

“மரியாதை வேணாம். ‘நீ’ போதும். ‘யார்கிட்ட’ங்கிறதுக்கு?”

“ஆ கியேன். நாளைக்கு நிகழ்காலம் பழகலாமா? பசிக்குதா, வலிக்குதான்னு கேக்கலாம்.”

“அது மூஞ்சியப் பாத்தாலே தெரியும். எனக்கு நடந்து முடிஞ்சதுதான் வேணும்.”

கண்ணாத்தாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மார்த்தாவின் கடைவாயில் ஒழுகிய கஞ்சியைத் துடைத்தாள். மார்த்தா சிரித்தபடி அவள் கையைத் தடவினார்.

கண்ணாத்தாள் தன் அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினாள். “மி இஹா. ஆ கியேன் எந்த்ரேகாஸ்தே?”

மார்த்தாவின் சிரிப்பு நின்றது. கையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“என் மகளை நீ யார்கிட்ட ஒப்படைச்சேன்னா கேக்குறீங்க?” என்று எழுந்தாள் ஆமினா.

“கூலிச் சண்டையில எங்க ஆளுங்களை ஊர் ஊரா விரட்டுன வருசம். அறுப்பு முடியிற வரைக்கும் பாத்துக்கச் சொல்லி, பால்குடிப் புள்ளைய இவ கையில கொடுத்தேன். திரும்பி வந்தப்ப சீமைக்கு அனுப்பியாச்சுன்னாங்க. இவளுக்குத் தமிழ் இருந்த காலத்துல என்னை விடுதி வாசலுக்குள்ளயே விடலை” என்றாள் கண்ணாத்தாள். “இவ எனக்குத் தர வேண்டிய என் பொண்ணு இன்னும் பாக்கி.”