நீரோடு எழுந்த நெல்

ஏரி நிரம்பி வயல்களுக்குள் புகுந்த தண்ணீர் பன்னிரண்டு நாளாக ஏறிக்கொண்டே இருந்தது. ஊரார் நட்டிருந்த குட்டை நெல்லெல்லாம் அடியிலேயே அழுகிவிட்டது. தவமணி மட்டும் அந்த வருஷம், விதைத் திருவிழாவில் வாங்கிய ஒரு பழைய நெல்லை விதைத்திருந்தாள்.

"தண்ணியோடயே வளருமாம்" என்று அவள் சொன்னதைக் கணவன் நல்லமுத்து நம்பவில்லை.

"ஆளே முழுகுற தண்ணியில நெல்லு எங்கேருந்து வளரும்? வருஷச் சாப்பாடு போச்சு" என்றவன், பிறகு அவளோடு பேசவேயில்லை.

பதிமூன்றாம் நாள் காலை மழை விட்டது. தவமணி அவனை வற்புறுத்திப் பரிசலில் அழைத்துப் போனாள். அவர்கள் வயல் இருந்த இடத்தில், தண்ணீருக்கு மேலே ஒரு முழ உயரத்துக்குப் பச்சை இலைகள் காற்றில் அசைந்துகொண்டிருந்தன.

நல்லமுத்து துடுப்பைக் கீழே வைத்தான். ஒரு நெல் தாளைப் பிடித்து, அதன் வழியே கையைத் தண்ணீருக்குள் இறக்கினான். முழங்கை நனைந்தது. தோள் நனைந்தது. கன்னம் நீரைத் தொட்டது. தாள் இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது.

"வேரு தட்டுப்படுதா?" என்றாள் தவமணி.

அவன் கையை எடுக்கவில்லை.