வைரக்கண்ணு வீட்டு ஆள்

"அந்த நேரத்துல இங்க யாரு யாரு இருந்தீங்க? ஒருத்தர் பேரையும் விடாம சொல்லுங்க" என்றார் வைரக்கண்ணு.

நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில், தார்ப்பாய் போர்த்திய குவியலுக்கு முன்னால் எல்லாரும் தலைகுனிந்து நின்றார்கள். பக்கத்துக் குவியல்காரர் சிவசாமிதான் வாயைத் திறந்தார்.

"நான் இருந்தேன். தையல்நாயகி இருந்துச்சு. சித்தீக், மூட்டை தூக்குற பகலவன், அப்புறம் உங்க மவன் அன்பரசன். அவ்வளவுதான்."

பாபநாசத்துப் பள்ளியில் வேலை முடிந்து, பஸ்ஸை விட்டு இறங்கி நேரே களத்துக்கு வந்திருந்த எழில்மொழி ஓரடி முன்னால் வந்தாள்.

"நானும் இருந்தேன் மாமா."

"உன்னைக் கேக்கல."

மாமனார் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. எழில்மொழி புருஷனைப் பார்த்தாள். அன்பரசன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். தோள்கள் குலுங்கின. அழுகிறானா?

எல்லாம் தன்னால் வந்த வினை என்று நினைத்தாள்.

குறுவை நெல்லைக் கொட்டிவிட்டு ஆறு நாளாகக் காத்துக் கிடக்கிறார்கள். லாரி வரவில்லை, எடை போடவில்லை. கிழக்கே மேகம் கறுக்கும்போதெல்லாம் களமே எழுந்து நின்று பார்க்கும். ஒருவருக்கும் சரியான தூக்கமில்லை. வைரக்கண்ணு பிரஷர் மாத்திரையை இரண்டு வேளையாக்கியும், நடை நிற்கவில்லை. குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு கொண்டுவந்த எழில்மொழி கண்ணெதிரே, யார் முறை முன்னே என்று சிவசாமியும் சித்தீக்கும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் பள்ளியில் பி.டி. டீச்சர். பழக்க தோஷம், இரண்டு காலிச் சாக்கை எடுத்து நடுவில் போட்டாள்.

"முதல்ல ஆளுக்கொரு சாக்குல இறங்குங்க. அந்த வேப்பமரம் வரைக்கும் குதிச்சுப் போயிட்டு வாங்க. அப்புறமும் தெம்பு இருந்தா சண்டை போடுங்க."

பையிலிருந்த விசிலை எடுத்து ஊதியும் விட்டாள். பாதி தூரத்திலேயே இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தையல்நாயகி சேலையைச் செருகிக்கொண்டு, "நானும் வர்றேன்" என்று சாக்கைத் தேடினாள். ஐந்து நாளில் முதல் தடவையாகக் களமே வாய்விட்டுச் சிரித்தது. வைரக்கண்ணு மட்டும் குடையை விரித்து முதுகைக் காட்டி நின்றார்.

அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். சொந்தப் பேரில் பட்டா வாங்கிய அன்று அவர் மகனிடம் சொன்னது ஒன்றுதான்: "இனிமே நம்மளைப் பாத்து எவனும் சிரிக்கக் கூடாது." அதன் பிறகு வைரக்கண்ணுவின் வேட்டி மடிப்புக் கலைந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. மருமகள் ட்ராக் சூட் போட்டு வேலைக்குப் போக அவர் சம்மதித்ததும் அதே நிபந்தனையில்தான்: "ஊரு சிரிக்கிற மாதிரி ஒண்ணு நடந்துச்சு, அன்னைக்கே வேலைக்கு முழுக்கு."

இன்று பஸ்ஸில் முன் சீட்டுப் பெண்கள் பேசியது காதில் விழுந்தது. "வைரக்கண்ணு வீட்டு ஆளு சாக்குக்குள்ள குதிச்சுக் குப்புற விழுந்துட்டாங்களாம். களமே சிரிச்சுச்சாம்."

தான் விசில் ஊதியதோடு சரி, குதிக்கவே இல்லையே என்று அவர்களிடம் சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லி என்ன ஆகப் போகிறது? வேலை போயிற்று என்றே முடிவு கட்டியிருந்தாள்.

"இத வெளியில சொன்னது யாரு?" வைரக்கண்ணு குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

தையல்நாயகி மெதுவாகக் கையைத் தூக்கினாள். "நான்தாண்ணே. எங்க அக்காகிட்ட போன்ல சும்மா பேச்சுவாக்குல..."

"என்னன்னு சொன்ன?"

"விழுந்துட்டாங்கன்னு..."

பகலவன் தும்முவது போல ஒரு சத்தம் போட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

"மூணு தலைமுறை மானம். ஒரு போன்ல போச்சு!"

எழில்மொழிக்குக் கண் கலங்கியது. குனிந்தபோது மாமனாரின் வேட்டியில், முழங்காலுக்குக் கீழே சாக்கு நார் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். பாவம், பகல் முழுக்க மூட்டை மேலேயே உட்கார்ந்து காவல் காத்திருப்பார்.

"மன்னிச்சுடுங்க மாமா. நான்தான் ஆரம்பிச்சு வெச்சேன்."

"அந்த விசில் எங்க?"

பையிலிருந்து எடுத்து நீட்டினாள். வாய்க்காலில் வீசப் போகிறார் என்று நினைத்தாள். அவர் அதைப் பகலவன் கழுத்தில் மாட்டினார்.

"நாளைக்கு இதுல ஊது. இன்னைக்கு வாயால 'உய்'னு ஊதுன, ஒருத்தனுக்கும் கேக்கல. அதுலதான் இவ்வளவு தகராறு."

எழில்மொழி வாயைப் பிளந்தாள். அன்பரசனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. துண்டை எடுத்துவிட்டு வெடித்துச் சிரித்தான்.

வைரக்கண்ணு சிரிக்கவில்லை. முதுகை நிமிர்த்தி, தையல்நாயகியை நேராகப் பார்த்தார்.

"இத்தனை பேரு சாட்சி இருக்காங்கல்ல? இப்பவே உங்க அக்காவுக்குப் போனைப் போட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லு. விழுந்தது சித்தீக். வைரக்கண்ணு விழல, முதல்ல வந்தாரு."