சொல்லாமல் வைத்த ரெசிஸ்டர்

இரண்டாவது உதையில் பந்து பாதி வழியிலேயே நின்றுவிட்டது. எதிரணி ரோபோ அதைத் தட்டிக்கொண்டு போய் கோல் போட்டு ஜெயித்துவிட்டது. ஈப்போ மண்டபமே கைதட்டியது.

கிறிஸ்டினுக்கு வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது.

ஜெயிக்கும் அணிக்குப் பினாங்குத் தொழிற்சாலை ஒன்றில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். தாப்பாவுக்கு உள்ளே, செம்பனைக்கு மாறிவிட்ட பழைய ரப்பர் எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து படிப்பவள் அவள். அந்த வேலையை அப்படி நம்பியிருந்தாள்.

ரோபோவின் கெப்பாசிட்டர் பேங்கை வரைந்ததும் அவள்தான், சோல்டர் செய்ததும் அவள்தான். பேட்டரி தரும் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்து, கேட்ட நொடியில் மொத்தமாகக் கொடுக்கும். அந்த வேகத்தில்தான் ரோபோ பந்தை உதைக்கும். நேற்று வரை ஓர் உதைகூடப் பிசகியதில்லை.

ஸ்விட்சை அணைத்துவிட்டு, ரோபோவைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு விறுவிறுவென்று போனாள். கூட்டாளி சேவுகன் பின்னாலேயே வந்தான்.

மேசையில் வைத்து மூடியைக் கழற்றினாள். கெப்பாசிட்டர் பேங்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் உட்கார்ந்திருந்தது. அவள் வைத்ததல்ல.

யார் வைத்தது என்று கேட்டாள். நேற்று சாயங்காலம் தான்தான் வைத்ததாகச் சேவுகன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

கூட இருந்தே குழி பறித்துவிட்டானே! அவளுக்கு ஆறவில்லை. ரெசிஸ்டரின் இரண்டு கால்களையும் பேங்கின் முனைகளோடு சேர்த்துப் பிடித்து அவனுக்குக் காட்டினாள்.

"சேருற கரண்ட இது குடிச்சிக்கிட்டே இருந்தா, ரெண்டாவது உதைக்கு எங்கலா தெம்பு இருக்கும்? வீட்டுல நான் என்னா சொல்வேன்?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். பாவம், அழாமல் என்ன செய்வாள்?

"எனக்கும்தான் அந்த வேல போச்சு" என்றான் சேவுகன்.

"அப்ப ஏன் வச்ச?"

"ரோபோவ ஆப் பண்ணதும் சார்ஜ் தானா வடியட்டும்னுதான். எத்தன தடவ சொன்னேன், உதை கொறையும் வேணாம்னுட்ட. நேத்து அவசரத்துல வெறுங்கைய உள்ள விடப் போன. தே ஓ குடிக்கலாம் வான்னு நான்தான் இழுத்துட்டுப் போனேன்."

அது அவளுக்கு இன்னும் சுருக்கென்றது.

"ஆப் பண்ணாலும் எரநூறு வோல்ட் உள்ள நிக்கும், தொட்டா தூக்கி அடிக்கும்னு எனக்குத் தெரியாதாலா? டிசைன் பண்ணவளே நான்தான். சார்ஜ வடிக்காம நான் தொடவே மாட்டேன்."

சேவுகன் அவள் கையைப் பார்த்தான்.

அவளும் பார்த்தாள். அவளுடைய வெறும் விரல்கள் அந்த இரண்டு முனைகளையும் இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.