பதினாலாம் நம்பர்

"பதினாலாம் நம்பர் சுடுது!"

தூசி சார் போட்ட கூச்சலில் கல்லூரியே எழுந்து நின்றது என்றால் கொஞ்சம் மிகை. மாடி வரைக்கும் கேட்டது என்னவோ நிஜம்.

கம்ப்யூட்டர் கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு; தூசியைக் கண்டால் துள்ளுவார் என்று மாணவர்கள் வைத்த பெயர்தான் தூசி சார். முப்பது கம்ப்யூட்டர், முப்பதுக்கும் பூப்போட்ட உறை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்ததும், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல ஒவ்வொன்றின் முதுகையும் தொட்டுப் பார்ப்பார். சில்லென்று இருந்தால்தான் அவருக்கு நிம்மதி. மூன்று வருஷமாக எல்லாம் சில்லென்றுதான் இருந்தன. எறும்புகூடக் காலைத் துடைத்துக்கொண்டுதான் அங்கே நுழையும் என்பார்கள் மாணவர்கள். அவர்கள் நுழைந்ததில்லை.

"யார் தொட்டது?"

கூட்டிப் பெருக்குகிற அக்கா துடைப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் நின்ற மூன்றாம் வருஷத்துப் பெண் ஓரடி முன்னால் வந்தாள்.

"நான்தான் சார். அக்கா காலையில பெருக்க வர்றப்போ நானும் உள்ளே வந்துடுவேன். இன்னிக்குத்தான் மத்தியானம் ஆயிடுச்சு. அவங்களைத் திட்டாதீங்க."

"எத்தனை நாளா?"

"பத்து வாரமா."

"பத்து வாரமா! உட்கார்ந்து படம் பார்த்தியா?"

"பாடம் பார்த்தேன் சார். ஆன்லைன் படிப்பு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பரீட்சை. பாஸ் பண்ணினா ஒரு கம்பெனியில பயிற்சிக்கு எடுத்துக்குவாங்க. பதிவு பண்ணின மெஷின்லதான் சார் பரீட்சை திறக்கும். அன்னிக்கு ஒரு மணி நேரம் மட்டும்..."

"கண்ணுக்குள்ள வெச்சுக் காப்பாத்தின பொருளைப் பாழாக்கிட்டு, பரீட்சை வேறயா?"

"பாழாக்கலை சார். சொல்லப்போனா நான்தான் அதை..."

"வெளியே! இனிமே இந்தப் படியை மிதிச்சே, கல்லூரியை விட்டே தூக்கிடுவேன்."

மறுநாள் ஆய்வுக் குழு வந்து இறங்கியது. கம்ப்யூட்டர்களை நன்றாகப் பராமரிக்கிற கல்லூரிக்குப் பரிசு கொடுக்கிறவர்கள். குழுத் தலைவி கண்ணாடி போட்ட அம்மாள். பூப்போட்ட உறைகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒவ்வொண்ணா ஆன் பண்ணிக் காட்டுங்க."

ஒன்றாம் நம்பர் அசையவில்லை. இரண்டாம் நம்பர் ஒருமுறை விக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஏழாம் நம்பர் எழுந்தது. ஆனால் கல்லூரி கட்டுவதற்கு முந்தின தேதியைக் காட்டியது. தூசி சாரின் நெற்றி வியர்வையைப் பிடித்து வைத்திருந்தால் கூடத்தை இரண்டு தடவை கழுவியிருக்கலாம்.

பதினாலு மட்டும் தொட்டதும் பளிச்சென்று விழித்தது.

அம்மாள் உட்கார்ந்து துழாவினார். "வைரஸ் தடுப்பு நேத்து வரைக்கும் புதுப்பிச்சிருக்கு. வேண்டாத ஃபைல் ஒண்ணுகூட இல்லை. பாட வீடியோ எல்லாம் வாரவாரியா அடுக்கியிருக்கு. ஃபேன்ல துளி அழுக்கு இல்லை. சரி, மத்ததெல்லாம் ஏன் இப்படி?"

"பிள்ளைங்க ராப்பகலா உபயோகிச்சு ஓய்ஞ்சுபோச்சு மேடம்" என்றார் தூசி சார், கூசாமல்.

அம்மாளின் புருவம் ஏறியது. "எங்கே, ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்க."

அந்தப் பெண் படிக்கு வெளியே, மிதிக்காமல் நின்றுகொண்டிருந்தாள். தூசி சார் ஓடிப்போய்க் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துவந்தார்.

"வாம்மா, வாம்மா." பிறகு காதோரமாக, "பரீட்சை எழுதணும்ல? பார்த்துப் பேசு. நான் எழுத விடறேன்."

"ஏம்மா, இந்த மெஷினை யார் பார்த்துக்கறா?" என்று கேட்டார் அம்மாள்.

பழைய பெயின்ட் பிரஷ்ஷால் ஃபேனைத் துடைத்ததும், எப்படித் துடைப்பது என்று வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதும் தொண்டை வரைக்கும் வந்தன. வெள்ளிக்கிழமை அவற்றை உள்ளே தள்ளிவிட்டது.

"சார்தான் மேடம். எங்களுக்கும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார்."

"கூடம் எப்பெல்லாம் திறந்திருக்கும்?"

"நாங்க எப்ப வந்தாலும் திறந்திருக்கும் மேடம்."

அம்மாளின் புருவம் இறங்கியது. அவள் சொன்னதை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை சாயங்காலமே பரிசு வந்து சேர்ந்துவிட்டது. நல்ல காரியம் எதுவும் இத்தனை வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் போனாள். கதவு பூட்டியிருந்தது. தூசி சார் ஸ்டூல்மேல் ஏறி, கதவு நிலைக்கு மேலே ஆணி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், பரீட்சை..."

"என்ன பரீட்சை?"

"பதினாலாம் நம்பர்ல. பத்து மணிக்கு."

"பரிசு வாங்கின மெஷினாச்சே அது! கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டியாச்சு. இனிமே ஈ, காக்கா தொடக் கூடாது. அந்தச் சுத்தியலை எடு."

"எழுத விடறேன்னு சொன்னீங்களே சார்!"

"எழுதேன், யார் வேண்டாம்னா? அதைத் தொடாம எழுது."

அவள் அசையவில்லை. அவரே இறங்கிச் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏறினார். ஆணி அடித்தார். பரிசுப் பலகையைக் கைக்குட்டையால் துடைத்து மாட்டினார்.

கல்லூரி மணி பத்து அடித்தது.

"நேரா இருக்கான்னு பாரு."

அண்ணாந்து பார்த்தாள். நேராகத்தான் இருந்தது. பூட்டுக்கு மேலே, பொன்னெழுத்தில்:

"நாங்க எப்ப வந்தாலும் திறந்திருக்கும்." — ஒரு மாணவி.